யாரும் போடாத மேடு

அந்த ஆய்வுக்கூடத்தில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். நால்வரில் ஒருவருக்கு மட்டும் பொய் சொல்ல அனுமதி உண்டு. அது யார் என்பது ரகசியம். இந்த முறை அந்த யோகம் தன் மடியில் விழுந்ததில் அண்ணிக்கு உள்ளூர ஏகப்பட்ட பூரிப்பு. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று வாயை இறுக்கி வைத்துக்கொண்டு திரிந்ததில், பல் வைத்தியரான அவள் கணவனே "கடைவாய்ல வலியா, காட்டு பாக்கலாம்" என்று டார்ச் லைட்டோடு வந்துவிட்டான்.

அண்ணி என்கிற முறை நியாயமாகப் பார்த்தால் அவளுடைய நாத்தனாருக்கு மட்டும்தான் சொந்தம். ஆனால் நாத்தனாரும் அதே கூடத்தில் மின்னணு வேலை பார்த்தாள். அவள் குரல் மூன்று சுவர் தாண்டி நான்காவது சுவரில் முட்டித் திரும்பி வரும் ரகம். அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே, தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் தலைவர் வரை எல்லோருக்கும் இவள் அண்ணியாகிப்போனாள். ஓய்வுபெறும் வயதிலிருந்த தலைவரும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் "அண்ணி, அந்த வரைபடம் எங்கே?" என்றுதான் கேட்பார்.

இவர்கள் தேடியது ஆக்ஸியான் என்னும் துகளை. உலகத்தில் தெரிகிற நட்சத்திரம், மலை, மனிதர், மாமியார் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தாலும், தெரியாத கரும்பொருள் மறுதட்டில் ஐந்து மடங்கு கனக்கிறது. அந்தக் கரும்பொருள் முழுக்க ஆக்ஸியான்தான் என்று அடித்துச் சொல்கிற கட்சி ஒன்று உண்டு. ஆள் கண்ணில் பட்டதில்லை என்பது மட்டும்தான் அந்தக் கட்சிக்கு உள்ள ஒரே குறை.

கண்ணில் படவைக்கத்தான் கூடத்தின் நடுவில் தண்ணீர் டிரம் அளவுக்கு ஒரு செப்புப் பாத்திரம். அதைச் சுற்றி ஒரு காந்தம். பக்கத்தில் போனால் பையிலிருக்கும் சாவிக்கொத்து கையை உதறிக்கொண்டு ஓடும். பாத்திரத்துக்குள் இருக்கும் குளிரில் விண்வெளியே வந்து நின்றாலும் போர்வை கேட்கும். அந்தக் குளிரையும் காந்தத்தையும் கட்டிக் காப்பது ஐஸ் என்று எல்லோரும் கூப்பிடும் பொறியாளன். கோடையிலும் மப்ளரோடு வருவான். யாராவது கதவைத் திறந்தால் குழந்தையை எழுப்பிவிட்டதுபோல முறைப்பான்.

காந்தத்துக்கு நடுவே ஆக்ஸியான் வந்தால், துளியூண்டு மைக்ரோவேவ் அலையாக மாறும். எந்த அதிர்வெண்ணில் என்பது அதன் எடையைப் பொறுத்தது. எடை யாருக்கும் தெரியாது. அதனால் பாத்திரத்துக்குள் இருக்கும் தண்டுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு அதிர்வெண்ணாகக் கீழிருந்து மேலே காது வைத்துக்கொண்டே போக வேண்டும். திரையில் தட்டையாக ஒரு கோடு ஓடும். ஆக்ஸியான் இருந்தால் அந்தக் கோட்டில் ஒரு மேடு எழும்பும். எத்தனையோ வருடமாக நிஜ மேடு எழும்பவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கொட்டாவிதான் எழும்பியது.

அங்கேதான் பொய் உள்ளே வருகிறது. ஒன்றுமில்லாத கோட்டை வருடக்கணக்காகப் பார்க்கிறவன், உண்மையிலேயே மேடு வரும் நாளில் தூங்கிவிட மாட்டான் என்று என்ன நிச்சயம்? அதனால் ஒருவர் ரகசியமாக, ஆக்ஸியான் மேட்டின் சாயலிலேயே ஒரு கள்ளச் சிக்னலைப் பாத்திரத்துக்குள் அனுப்பி வைப்பார். மற்றவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பரீட்சை. கண்டுபிடித்து, எல்லாச் சோதனையும் முடிந்து, கடைசிச் சோதனையாகக் காந்தத்தின் சக்தியை இறக்கப்போகும் நிமிடத்தில் தலைவர் "யார் போட்டது?" என்று கேட்பார். போட்டவர் கை தூக்க வேண்டும். அதுவரை ஆம் என்றோ இல்லை என்றோ மூச்சுவிடக் கூடாது. யாரும் கை தூக்காவிட்டால், காந்தம் இறங்கும். காந்தத்தோடு மேடும் இறங்கினால் அது ஆக்ஸியான்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் தலைவர். அவருக்குக் கூடத்தில் இரட்டைப்பூட்டு என்று பெயர். சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, மேசை இழுப்பறைக்கு இரண்டு பூட்டு, மணி கேட்டால் இரண்டு பேரிடம் கேட்பார். தன் நிழல் பின்னால் ஒழுங்காக வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிற மனிதர்.

"எல்லாரும் மின்னணுக்காரியைத்தான் சந்தேகப்படுவாங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டு அவர் அண்ணியிடம் சொன்னார். "உங்களை யாரும் நினைக்க மாட்டாங்க. சிக்னல் பெட்டி என் ரூம்லயே இருக்கும். கேபிள் சுவர் ஓட்டை வழியா போகுது, இணைப்பெல்லாம் நானே குடுத்துட்டேன். நீங்க அதிர்வெண்ணை வெச்சு பட்டனை மட்டும் தட்டுங்க. எங்க வெச்சீங்கன்னு எங்கிட்டகூட சொல்லாதீங்க."

"உங்ககிட்டகூடவா சார்?"

"என்னை மட்டும் நம்பலாம்னு யார் சொன்னா?"

அண்ணி தட்டினாள். தேடல் இன்னும் எட்டாத ஓர் இடமாகப் பார்த்து வைத்தாள். வைத்தவள், நாத்தனாரின் கண்ணில் படாமல் போய்விடுமோ என்ற கவலையில் அளவைக் கொஞ்சம் தூக்கலாகவும் வைத்தாள்.

அவள் எதிர்பார்த்ததற்கெல்லாம் முன்னால், ஒரு வியாழக்கிழமை காலையில், நாத்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் மேசைப் பக்கம் வந்தாள். குரலை இறக்கிப் பேசினாள். அதுவே அசம்பாவிதத்துக்கு அறிகுறி.

"அண்ணி, மேடு ஒண்ணு."

அண்ணி திரையைப் பார்த்தாள். நிஜம்தான். சின்னதாக, மூக்குத்தி மாதிரி ஒரு மேடு. ஆனால் அவள் வைத்த இடம் அதுவல்ல. அவள் வைத்தது இன்னும் மேலே.

"எப்பலேருந்து?" என்றாள்.

"நேத்து ராத்திரி ஓட்டத்துல வந்துச்சு. திரும்ப ஓட்டினேன், அங்கயே நிக்குது." நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். "என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"எனக்கு என்ன ஆகுது. உன் முகம்தான் ஒரு மாதிரி இருக்கு."

இரண்டு முகமும் ஒரு மாதிரிதான் இருந்தன.

அண்ணியின் நெஞ்சு அடித்த அடியில் பாத்திரத்துக்குள் குளிர் கொஞ்சம் குறைந்திருக்கும். ஏனென்றால் ஊரில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கூடத்தில் பொய் போட ஒரே ஆள்தான். அந்த ஆள் அவள். அவள் இதைப் போடவில்லை. அப்படியென்றால் இது பொய் இல்லை.

அவள் ஆசைப்பட்டதிலும் நியாயம் உண்டு. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் ஆக்ஸியான் என்ன செய்துகொண்டிருந்தது என்று கணக்குப் போட்டுத்தான் அவள் டாக்டர் பட்டமே வாங்கினாள். அந்தக் கணக்கைக் கணவனுக்கு அவள் இப்படித்தான் விளக்குவாள்: "கெட்டித் தேன்ல ஒரு கரண்டியைச் சாய்ச்சு செருகு. எந்தப் பக்கம் சாஞ்சுதோ அப்படியே நிக்கும், இல்லையா? ஆரம்பத்துல பிரபஞ்சம் விரிஞ்ச வேகம்தான் அந்தத் தேன். ஆக்ஸியான் புலம் ஏதோ ஒரு பக்கம் சாஞ்சு, அசையாம நின்னுச்சு. அப்புறம் ஆற ஆற தேன் நீர்த்துப் போச்சு. கரண்டி ஆட ஆரம்பிச்சுது. இன்னிக்கு வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கு. அந்த ஆட்டம்தான் கரும்பொருள்."

"எந்தப் பக்கம் சாயணும்னு யார் சொன்னது?" என்பான் அவன்.

"யாரும் சொல்லல. சும்மா சாஞ்சுது."

அவளுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். கல்யாணத்தன்று நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துக்கொண்டே "எங்கண்ணன் பாவம்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, வினையாகச் சொன்னாளா என்பதை அண்ணி இன்றுவரை ஆராய்ந்து முடிக்கவில்லை. அன்றைக்குச் சாய்ந்த கரண்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கரண்டி எவ்வளவு சாய்ந்திருக்கும் என்று யூகித்தால் ஆக்ஸியானின் எடை இன்ன வட்டாரம் என்று சொல்லலாம். அண்ணி யூகித்த வட்டாரம் இந்தத் தேடலின் கடைசிப் பகுதியில் வந்தது. இன்னும் சில வாரத்தில் தண்டுகள் அங்கே போய்ச் சேரும். அது முடிந்ததும் கூடத்தை வேறொரு குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். இடையில் காந்தத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றிக் குளிரவைக்க அவகாசம் கிடையாது. ஆக, இந்த மேடு நிஜமென்று காந்தத்தை இறக்கி, அது பொய்யென்று ஆனால், அவள் வட்டாரம் தேடப்படாமலே போகும். காந்தத்தை இறக்குங்கள் என்று சொல்ல வேண்டியவளும் அவள்தான். மேட்டுக்குப் பொறுப்பு, தரவை அலசிப் பார்க்கிறவள்.

அதோடு இன்னொரு பழைய காயம். சில வருடத்துக்கு முன்னால் இதேபோல ஒரு மேடு வந்தது. அண்ணி அலசி, பெருக்கி, "இதுதான்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டாள். வாசலில் காவலாளி தன் அறைக்கு மாட்டியிருந்த கம்பியில்லாக் காலிங் பெல்தான் அது என்று பிறகு தெரிந்தது. அன்று முதல் அவளைப் பார்த்தால் யாராவது ஒருவர் மெல்ல "டிங் டாங்" என்பார்கள். அதை முதலில் சொன்ன வாய் யாருடையது என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

அதனால் இந்தத் தடவை அவள் எதையும் நம்பவில்லை. காவலாளியின் பெல்லைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னாள். அவர் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இந்தம்மா பெல்லைத் தவிர வேற எதையும் ஆராய மாட்டாங்களா" என்று ஐஸிடம் விசாரித்தார். கூடத்துக்கு வெளியே வைத்திருந்த ஆன்டெனாவில் மேடு இல்லை; ஆக வெளியிலிருந்து வரவில்லை. தண்டை நகர்த்திப் பாத்திரத்தின் இசைவைக் கலைத்தால் மேடு போனது. திருப்பி வைத்தால் வந்தது. ஆக உள்ளேதான் இருக்கிறது. ஒவ்வொரு சோதனையிலும் மேடு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. அவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதே அவளுக்கு உறுத்தியது.

உறுத்தல் இன்னொன்றும் இருந்தது. ஆக்ஸியான் மேட்டுக்கு ஒரு சாயல் உண்டு. இடப்பக்கம் சுவர்போலச் செங்குத்தாக நிற்கும். வலப்பக்கம் வால்போலச் சரியும். அசையாத ஆக்ஸியானுக்கு அதன் எடையளவு சக்தி. ஓடுகிற ஆக்ஸியானுக்கு அதைவிடக் கூடுதல் சக்தி. அது வலப்பக்கம் போய் விழும். நிற்கிறவனைவிடக் குறைவாக யாராலும் ஓட முடியாது, ஆகையால் இடப்பக்கம் வால் இருக்க வழியே கிடையாது. இந்த மேட்டுக்கோ இடப்பக்கமும் லேசாக ஒரு வால் தெரிவதுபோல இருந்தது. இரைச்சல்தான், தரவு சேரச் சேரப் போய்விடும் என்று அண்ணி அதைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தரவு சேர்ந்தது. வால் போகவில்லை.

அவள் தரவைப் பார்த்ததைவிட நாத்தனாரை அதிகம் பார்த்தாள். நாத்தனாரின் நடத்தை கொஞ்சமும் சரியில்லை. வழக்கமாக எதற்கும் குறை சொல்கிறவள், இந்த மேட்டின்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

"திங்கக்கிழமை காந்தத்தை இறக்கிடலாம் அண்ணி."

"அதுக்குள்ளயா?"

"வேற என்ன சோதனை பாக்கி இருக்கு? இது நிஜம்தான். எனக்கு நல்லா தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் வாயைத் திறந்து, எதையோ விழுங்கி, மூடினாள். "ஒரு இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு இதுவா? வாழ்நாளில் சந்தேகமே இல்லாமல் எதையும் சொல்லாதவளுக்கு ஒரு இதுவா? அப்போதுதான் அண்ணிக்கு இரட்டைப்பூட்டின் சைக்கிள் நினைவுக்கு வந்தது. மணி கேட்டாலே இரண்டு பேரிடம் கேட்கிற மனுஷன், பொய்யை மட்டும் ஒரே ஆளிடமா கொடுத்திருப்பார்? நாத்தனாருக்கும் கொடுத்திருந்தால்? இந்த மேட்டைப் போட்டவளே அவள்தானென்றால்? "இறக்குங்கள்" என்று அண்ணி வாயால் சொல்லவைத்து, கடைசி நிமிடத்தில் கையைத் தூக்கி, வருடம் முழுக்க டிங் டாங் அடிக்கத் திட்டமென்றால்?

கேட்கவும் முடியாது. கேட்டால் தன்னுடைய பொய் வெளியே வரும். விதியை மீறியவள் என்ற பெயரும் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அண்ணன் வீட்டில்தான் சாப்பிடுவாள். ஒரு மாடி மேலேதான் அவள் வீடு. ஆனாலும் ஏதோ எல்லை தாண்டி வருகிறவள்போல ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கி வந்தாள். மேசையில் இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் நாத்தனார், நடுவில் பல் வைத்தியன், எதிரில் அவர்களுடைய பள்ளிக்கூடம் போகும் மகள்.

"ஸ்டோர் ரூம்ல ஒரு சிக்னல் பெட்டி இருந்துச்சே," என்று அண்ணி உப்பைத் தேடுகிற சாக்கில் ஆரம்பித்தாள். "இப்ப காணோம். நீ பாத்தியா?"

"ஸ்டோர் ரூம்ல நூறு பெட்டி இருக்கு அண்ணி. எதைக் கேக்கறீங்க?" நாத்தனார் முட்டையை உரிக்கிற சாக்கில் திருப்பினாள். "ஆமா, நீங்க ஏன் இப்பல்லாம் சார் ரூமுக்கு அடிக்கடி போறீங்க?"

"வரைபடம் காட்டப் போறேன்."

"வரைபடம் இல்லாமத்தானே போறீங்க."

"நீ ஏன் நான் போறதை எண்ணிக்கிட்டிருக்க?"

"நீங்க ஏன் பெட்டியை எண்ணறீங்க?"

பல் வைத்தியன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "வாயைத் திறக்க வைக்கறது என் தொழில். உங்க ரெண்டு பேர் வாயையும் மூட வைக்க ஒரு படிப்பு இருந்தா சொல்லுங்க, இந்த வயசுலயும் போய்ச் சேர்ந்துடறேன்."

"நீ சும்மா இருண்ணா."

"நீங்க சும்மா இருங்க."

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. எதிரில் இருந்த மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, புருவத்தை நெரித்து, மூக்கைச் சுருக்கி, முறைத்தாள். அப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாருங்க இவளை. மூக்கைச் சுருக்கறது அம்மா, முறைக்கறது அத்தை. ரெண்டு பக்கமும் இழுக்குது. ரெண்டு பேரும் ஒரு தடவைகூட ஒத்துப்போனதில்ல, ஆனா ரெண்டு பேரையும் கலந்து செஞ்ச மாதிரி ஒண்ணு வந்து நிக்குது. இதுல நான் எங்க இருக்கேன்னுதான் தெரியல."

அண்ணியின் கை பாதி வழியில் நின்றது.

ரெண்டு பக்கமும் இழுக்கிறது.

வலப்பக்கம் ஒரு வால். இடப்பக்கம் ஒரு வால்.

ஒரு ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரே சமயத்தில் இரண்டு சிக்னலை அளவுக்கு மீறித் திணித்தால், அது திக்குமுக்காடி இரண்டையும் பிசைந்து, கேட்காத மூன்றாவது ஒன்றைத் துப்பும். மின்னணு படித்த யாருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ, அதே இடைவெளி கீழே தள்ளி அந்த மூன்றாவது போய் உட்காரும். அது ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்துப் பிறப்பது. கழிக்கப்பட்டதன் வால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இடப்பக்கம் விழும்.

ஆக, அது ஆக்ஸியான் இல்லை. அதை அவளும் போடவில்லை, நாத்தனாரும் போடவில்லை. தலைவர் தன் கையாலேயே இணைத்துக் கொடுத்த ஏதோ ஒரு பெட்டிக்குள், அண்ணியின் பொய்யும் நாத்தனாரின் பொய்யும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சந்தித்துப் பெற்றுக்கொண்ட பிள்ளை. தேடல் கீழிருந்து மேலே போனதால், பெற்றவர்கள் இருவரும் இன்னும் வந்து சேராதபோதே பிள்ளை முந்திக்கொண்டு வந்து நின்றுவிட்டது.

"சாப்பிடும்மா," என்றான் கணவன்.

"ம்."

நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முட்டையின் மஞ்சள் கருவைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இப்போதே கேட்டுவிடலாமா? கேட்டு, நாத்தனார் ஒன்றுமே போடவில்லை என்று ஆகிவிட்டால்? உண்மையான மேட்டுக்கு, தான் ஆசைப்பட்ட அதே மேட்டுக்கு, தானே ஒரு கதை கட்டிக் கொன்றவளாவாள். பெல்லை ஆக்ஸியான் என்றவள், ஆக்ஸியானைப் பெல் என்றாளாம் என்று காலத்துக்கும் பேசுவார்கள்.

அன்றைக்கு அவள் தூங்கினாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திங்கட்கிழமை கூட்டம் கூடியது. ஐஸ் காந்தத்தின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால், மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பிரேதப் பரிசோதனைக்கு வந்தவன்போல நின்றான். நாத்தனாருக்குக் கண் பளபளத்தது. இரட்டைப்பூட்டு கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணி, இறக்கலாமா?"

"விதிப்படி நீங்க முதல்ல கேக்கணும் சார்."

"கேக்கறேன்." அவர் தொண்டையைச் செருமினார். "இந்த மேட்டை யார் போட்டது?"

ஒரு கையும் எழவில்லை. பொய்யில்லை, யாரும் போடவில்லைதான். நாத்தனாரின் உதட்டில் சிரிப்பு துளிர்த்தது. ஐஸின் கை விசைப் பக்கம் போனது.

"நில்லுங்க," என்றாள் அண்ணி. "சார், நீங்க கேள்வியைத் தப்பாக் கேக்கறீங்க. இதை யார் போட்டாங்கன்னு கேக்காதீங்க. ஏதாவது ஒண்ணை யார் போட்டாங்கன்னு கேளுங்க."

"அது ரகசியம்," என்றார் அவர், சட்டென்று ஜன்னலைப் பார்த்து.

அண்ணி தன் கையைத் தூக்கினாள். "நான் போட்டேன். இதை இல்லை." திரையில் இன்னும் தேடாமல் கிடந்த வெற்றுப் பகுதியில் ஓர் இடத்தைத் தொட்டாள். "இங்க." பிறகு விரலை மேலே நகர்த்தினாள். மேட்டுக்கும் தன் இடத்துக்கும் நடுவில் எவ்வளவோ, தன் இடத்துக்கு அந்தப் பக்கம் அவ்வளவே. நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இங்க போட்டிருக்க. போடலைன்னா சொல்லிடு. நான் இத்தோட வேலையை விட்டுட்டு, வாசல்ல பெல் ரிப்பேர் பண்ணிக்கிட்டு உக்காந்துக்கறேன்."

மூன்று சுவர் தாண்டுகிற குரல் அன்று பல்லைக்கூடத் தாண்டவில்லை. நாத்தனார் அந்த விரலையும் அந்த இடத்தையும் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் அவர் சைக்கிளின் இரண்டு பூட்டும் தானாகத் திறந்திருக்கும். மெதுவாக அவள் கை மேலே போனது.

"எங்கிட்ட, என் மேலதான் முதல் சந்தேகம் வரும், அதனாலயே யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு சொன்னார் அண்ணி."

"எங்கிட்ட, உன்னைத்தான் சந்தேகப்படுவாங்கன்னு சொன்னார்."

அப்போது காந்தத்துப் பக்கமிருந்து மூன்றாவதாக ஒரு கை, மப்ளர் நுனியோடு எழுந்தது.

"எங்கிட்டயும்தான் சொன்னார்," என்றான் ஐஸ். "ஆனா நான் இன்னும் போடல."

"ஏன்?"

"எனக்குக் குடுத்த பெட்டியை எப்படி ஆன் பண்றதுன்னு தெரியல. யார்கிட்டயாவது கேட்டா, நான்தான்னு தெரிஞ்சுடுமே."

மூன்று கைகளும் தலைக்கு மேலே நிற்க, மூன்று ஜோடிக் கண்களும் இரட்டைப்பூட்டின்மேல் திரும்பின. அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஒருத்தர் மேல மட்டும் சந்தேகப்பட்டா பாரபட்சம் ஆயிடும்," என்றார். "அதனால எல்லார் மேலயும் சமமாப் பட்டேன்."

காந்தம் இறங்கவில்லை. அது போதும் அண்ணிக்கு. ஐஸ் விசைப் பலகையின் மூடியைச் சாத்திய சத்தத்தைப்போல இனிமையான சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் கணக்குச் சரியென்று கையைத் தூக்கிக் காட்டினால் மட்டும் பிள்ளை போய்விடாது. பிடுங்கிப் பார்த்தாக வேண்டும். தலைவர் இருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்த பெட்டிகளின் கேபிள் இரண்டும் ஒரே பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் போவதைச் சுவரின் பின்பக்கப் பலகையைக் கழற்றியதும் நால்வரும் பார்த்தார்கள்.

"எவ்வளவு அளவு வெச்சே?" என்றாள் அண்ணி.

"கொஞ்சம் தூக்கித்தான் வெச்சேன். உங்க கண்ணுல படாம போயிடுமோன்னு." நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "நீங்க?"

"நானும் அதே பயத்துலதான்."

"என் கண்ணு மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"உனக்கு என் கண்ணு மேல இருந்த அளவுதான்."

ஆளுக்கொரு கேபிளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ முதல்ல எடு."

"நீங்க எடுங்க அண்ணி. நான் எடுத்துட்டு, நீங்க எடுக்காம இருந்துட்டா?"

"எடுக்காம இருந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

"எனக்கென்ன தெரியும்."

ஐஸ் மூன்று எண்ணினான். இரண்டு கேபிளும் ஒன்றாக வந்தன. அன்று மாலை ஓட்டத்தில் மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை. இரண்டு வாலும் இல்லை.

எல்லோரும் போனபின் இருவரும் அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"நிஜம்னே நினைச்சேன் அண்ணி," என்றாள் நாத்தனார். "பொய் போடறவ நான் ஒருத்திதான், நான் இதைப் போடல, அப்புறம் வேற என்னவா இருக்கும்னு. நாலு நாளா யார்கிட்டயும் சொல்ல முடியல. உங்ககிட்ட சொல்லணும்னு அடிச்சுக்கிச்சு."

"எனக்கும்தான்."

"உங்க வட்டாரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம்தான். ரெண்டு வாரம் இருக்கலாம்."

"ராத்திரி ஓட்டத்தை நான் பாத்துக்கறேன். நீங்க பகல் பாருங்க." எழுந்தவள் கதவருகே நின்றாள். "டிங் டாங்னு இனிமே சொல்ல மாட்டேன். சொன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆயிடும்."

அவள் போன பிறகு தண்டுகள் ஒரு மயிரிழை திரும்பிய ஓசை கேட்டது. தேடல் மேலே நகர்ந்தது. கோடு தட்டையாக, மேடு பள்ளமில்லாமல், அப்பழுக்கில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, ஏன் என்று பார்க்க.